முள் தைத்த மானின் காலடி

இந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்ல முடியுமா, ஐயா? காற்று வேண்டாம் என்பதல்ல. இராயபுரத்தின் மாடி அறையில், புரட்டாசிப் புழுக்கத்தில், காற்று வேண்டாம் என்று சொல்பவன் பொய்யனாகத்தான் இருக்க வேண்டும். அதன் ஓட்டத்தில் ஒரு தட்டல் இருக்கிறது. தட்டலை அடுத்து ஒரு சொடுக்கு, அதை அடுத்து ஓர் உறுமல். அதைக் கேட்டுக்கொண்டே கோவையாகப் பேசுவது எனக்குச் சிரமம். நன்றி. இப்போது சரியாக இருக்கிறது.

இந்த விசாரணைக்கு எழுத்தில் விளக்கம் தரச் சொல்லியிருந்தீர்கள். வாயால் சொல்லிப் பழகியவன் நான். மறைப்பதற்கும் என்னிடம் எதுவும் இல்லை. நான் செய்தவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணங்களை வரிசையாகக் கேட்டால் உங்களுக்கும் அவை நியாயமாகவே தோன்றும் என்று நம்புகிறேன்.

என் பெயர் செல்வநாதன் என்பதையும், தண்டையார்பேட்டையில் நெடுங்காலமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பணிபுரியும் மருத்துவர்களுக்கான பகுதிநேர முதுநிலைப் படிப்பைத் தொடங்கியவனும் நான்தான். ஞாயிறுதோறும் வகுப்பு. வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் தொழிலாளர் மருந்தகத்தில் இருப்பவர், மணலியில் ஆலை மருத்துவர், துறைமுகத்தில் விபத்துச் சிகிச்சை பார்ப்பவர், விம்கோ நகரில் சின்னஞ்சிறு கிளினிக் வைத்திருப்பவர். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் போனவர்கள். முழுநேரம் மேற்படிப்புப் படிக்க அவர்களுக்கு வழியில்லை. வாரமெல்லாம் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் கண் சிவந்து வந்து உட்காருவார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு என் இளமை நினைவுக்கு வரும்.

முதல் அணியில் ஏறக்குறைய எல்லாருமே செய்முறைத் தேர்வில் தோற்றார்கள். பாடம் தெரியாமல் அல்ல. நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முழுநேர மாணவன் வார்டிலேயே கிடப்பான், நூறு இதயங்களைக் கேட்பான். என் மாணவர்களோ வாரம் முழுதும் பாய்லர் இரைச்சலில் வேலை செய்பவர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், போகும்போது படிக்கட்டில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமைக் காதுதானே இருக்கும்" என்றார். அடுத்த அணியும் இப்படியே என்றால் படிப்பை மூடிவிடுவதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. நான் அன்று சாப்பிடவில்லை.

அந்த மாதத்தில்தான் அஜீசுன்னிசா இருமலுக்கு மருந்து கேட்டு என் கிளினிக்குக்கு வந்தாள்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். வண்ணாரப்பேட்டையில், ஜவுளிக்கடையில் சுமை இறக்கும் சௌக்கத் அலியின் மனைவி. ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பாள். இருமலுக்காக வந்தவளின் மார்பில் வழக்கம்போல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன், ஐயா. அதை எப்படிச் சொல்வேன். கதவை அறைந்து சாத்தியதுபோல் முதல் ஒலி. பிறகு விரலைச் சொடுக்கியது போன்ற ஒரு நொடிப்பு. பிறகு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலின் எந்திரம்போல், அடங்கிய நீண்ட உறுமல். நூலில் முணுமுணுப்பு என்று எழுதியிருப்பார்கள். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் அதைக் கேட்டதில்லை. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கியிருந்தது. வைக்கிற விதத்தில் வைத்தால் செவிடனுக்கும் கேட்கும்.

நீங்களும் மருத்துவர், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. தொடை இரத்தக் குழாயின் வழியே பலூனைச் செலுத்தி அந்த வால்வை விரித்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். நானும் முறைப்படிதான் தொடங்கினேன், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இதயப் பிரிவுக்கு அவளை நானே அனுப்பினேன். அவர்களும் பார்த்துவிட்டு, மறுமாதம் வந்து சேரச் சொன்னார்கள். அதற்குள் ஒரே ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "படுக்கத்தானே சார், அதுக்கு இன்னா. வூட்ல எவன் என்ன படுக்க உடறான்" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. இரண்டாம் அணி மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து குனிந்தார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மணலி ஆலையில் பணிபுரியும் டாக்டர் மதி, வியாசர்பாடிப் பெண், அவள் வீட்டில் முதல் மருத்துவர், தன் முறை வந்தபோது அங்கும் இங்குமாக வைத்து வைத்து எடுத்தாள். அஜீசுன்னிசா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"இன்னா டாக்டரம்மா, காதுல பஞ்சு கீதா?"

"இல்லக்கா. சரியா கேக்கல."

"சாரு எப்டி வெச்சாருன்னா, என்ன இப்டி லெஃப்ட்ல பொரட்டிப் போட்டாரு. அப்பறம் அந்தக் கிண்ணி மாரி கீதே, அந்தப் பக்கத்த வெச்சாரு. நீ இன்னான்னா தோசக்கல்ல வெச்சினுகீற."

எல்லாரும் சிரித்தார்கள். மதி அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ண முகத்தைத் திருப்பி வைத்தாள். சற்று நேரத்தில் அவள் முகம் மாறியது. இருட்டறையில் விளக்கேற்றியதுபோல் என்று சொல்வார்களே, அப்படி. திரும்பத் திரும்பக் கேட்டு அந்த ஒலி காதில் படிந்துவிட்டால் பிறகு எந்த மார்பிலும் அது தப்பாது. அன்று மாலைக்குள் அத்தனை பேருக்கும் கேட்டது.

வகுப்பு முடிவில் ஒரு கதை சொல்வது என் வழக்கம். அன்று நானே இட்டுக்கட்டியதைச் சொன்னேன். மலைச்சரிவில் ஒரு மான் கூட்டம். குளிர்காலத்தில் பனி மூடினால் குட்டிகள் வழிதவறிப் பள்ளத்தில் விழும். கூட்டத்தில் ஒரு பெண்மானின் குளம்பில் முள் தைத்திருந்தது. பாறையில் அது காலை ஊன்றும்போதெல்லாம் தனியாக ஓர் ஓசை எழும். தலைவன் கலைமான் குட்டிகளிடம், கண்ணை நம்பாதீர்கள், அந்தக் காலடியைக் கேட்டு நடங்கள் என்றது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு குட்டியும் விழவில்லை. ஆகவே, பனியில் காதுள்ளவனே பிழைப்பான் என்று நீதி சொல்லி முடித்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த அஜீசுன்னிசா கேட்டாள்: "சார், அந்த மானு கால்ல கீற முள்ள யாரு புடுங்குனது?"

"பனி விலகியதும் எடுத்துவிட்டார்கள் அம்மா."

"பனி எப்ப வெலகுச்சு?"

"அது கதையில் வரவில்லை."

"அது இன்னா கதை சார்? மெயினான மேட்டர உட்டுட்டு சொல்றீங்க."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் எனக்கு அது தெளிவாகப் புலப்பட்டது. மறுமாதம் பலூனை விட்டு விரித்துவிட்டால் அந்த ஒலி போய்விடும். அவள் நன்றாக இருப்பாள். ஆனால் குணமான இதயம் யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. தேர்வு வரும் சித்திரையில். இந்தப் பிள்ளைகள் தோற்றால் படிப்பு மூடப்படும். மூடப்பட்டால் எண்ணூரிலும் மணலியிலும் காது கேளாத மருத்துவர்களே காலமெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை சுருங்கிய வால்வுகள் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்! ஒரு பக்கம் ஒருத்திக்குச் சில மாதத் தாமதம். மறு பக்கம் ஒரு வட்டாரம் முழுவதும். தராசில் வைத்துப் பாருங்கள், ஐயா. நான் வைத்துப் பார்த்தேன்.

இதயப் பிரிவில் இருந்தவர் எனக்கு நண்பர். தொலைபேசியில் அழைத்து, நோயாளி அஞ்சுகிறாள், இப்போது அவளுக்கு விருப்பமில்லை, மனம் மாறினால் நானே அனுப்புகிறேன் என்றேன். அவர் சரி என்றார். அஜீசுன்னிசாவிடமும் சௌக்கத் அலியிடமும், மருத்துவமனையில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், இடம் கிடைத்ததும் அழைப்பார்கள் என்றேன். சௌக்கத் அலி கையைக் கட்டிக்கொண்டு, "சார் சொன்னா சரிதான்" என்றார். இரண்டு பக்கமும் நான் சொன்னவை சிறிய வாக்கியங்கள். குரலை உயர்த்தவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு அவள் ஞாயிறுதோறும் வந்தாள். அவளை நான் அலட்சியமாக நடத்தியதாக யாரும் சொல்ல முடியாது. நல்ல போர்வை, நல்ல சாப்பாடு, போகவர ஆட்டோ. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையை நானே கொடுத்து வந்தேன். வகுப்புக்கு முன்னால் மட்டும் அதை நிறுத்தச் சொல்வேன். மாத்திரை உள்ளே இருந்தால் ஒலி மங்கும். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மெதுவாக ஏறாமல் ஒரே மூச்சில் இரண்டு மாடியும் ஏறி வரச் சொல்வேன். இதயம் வேகமாக ஓடும்போது அந்த உறுமல் நன்றாகத் திறந்துகொள்ளும். அவள் மேலே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மெத்தப் படிச்ச மாமுங்களா, சீக்கிரம் வாங்க. ரயிலு கெளம்பிடப் போவுது" என்பாள். எல்லாரும் ஓடி வருவார்கள். கேட்டவர்களிடம் தன்னை வாத்தியாரம்மா என்று சொல்லிக்கொள்வாள். மதியிடம் மட்டும், "நீ பாஸானா எனுக்கு பிரியாணி. ஃபெயிலானா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று பந்தயம் கட்டியிருந்தாள்.

தேர்வுக்கு நான்கைந்து மாதம் இருக்கும். ஒருநாள் கிளினிக்குக்கு வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சிரித்தாள். கலியாணமாகி ஒன்பது ஆண்டாக அவளுக்குக் குழந்தை இல்லை.

"சார், முழுகாம கீறேன்."

நான் எழுந்து நின்றேன். அந்த நொடியில் எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள் என்று சொன்னால் அது அலங்காரமாகிவிடும். ஒருவன்தான் இருந்தான். கருவுற்றால் உடலில் இரத்தம் பெருகும், சுருங்கிய வால்வு அதைத் தாங்காது, நுரையீரலில் நீர் கோக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் மாதத்திலும் பலூன் சிகிச்சை செய்யலாம் என்பதும் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். பெருகிய இரத்தத்தில் அந்த முணுமுணுப்பு என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாக ஒலிக்கும்.

"கொயந்த பெத்துக்கலாமா சார்? ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள்.

"நான் இருக்கிறேன் அல்லவா" என்றேன்.

இது பொய் அல்ல. நான் இருந்தேன்.

மாசி மாதத்தில் அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்கினாள். வகுப்பில் மதி என்னைத் தனியே அழைத்து, "சார், அக்காவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. கால் வீங்கியிருக்கு. ஏன் சார் இன்னும் அனுப்பல?" என்றாள். முறை வரவில்லை என்றேன். "நான் வேணா போய்க் கேட்கட்டுமா சார்?" என்றாள். நீ படி, தேர்வு நெருங்கிவிட்டது என்றேன். அவள் நல்ல மாணவி, ஆசிரியர் சொல்லைத் தட்டாதவள். தான் அன்று போயிருந்தால் என்று இப்போது அழுகிறாளாம். அதில் அவள் குற்றம் ஏதுமில்லை. தயவுசெய்து அதை அவளிடம் சொல்லுங்கள்.

தேர்வு நாள். அன்று பார்த்து மின்தூக்கி ஓடவில்லை. அதை நான் நிறுத்தவில்லை, ஐயா, உண்மையாகவே பழுது. தூக்கிப் போக ஆள் இருந்தார்கள். வேண்டாம், நடந்தே வரட்டும் என்று சொன்னவன் நான். சௌக்கத் அலி தோளைக் கொடுத்து ஏற்றி வந்தார். தேர்வாளர்கள் இருவர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், அன்று படிக்கட்டில் நின்று பேசிய அதே மனிதர். அஜீசுன்னிசா அவருக்கும் சலாம் வைத்தாள்.

மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தேர்வுக்கு வரும் நோயாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தங்கள் நோயின் பெயர் அவர்களுக்கு மனப்பாடம். தடுமாறுகிற மாணவனுக்குத் தேர்வாளர் பார்க்காதபோது மெல்ல எடுத்துக் கொடுப்பார்கள். அன்று அவளுக்கு வேலையே இல்லை. யாரும் தடுமாறவில்லை. மதி கடைசியாகப் போனாள். ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். படிக்கட்டு மனிதர் தாமே குனிந்து கேட்டார். நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எங்கே பிடித்தீர்கள் இந்தக் கேஸை? அபாரம்" என்றார். என் ஆயுளில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் பெற்றதில்லை.

எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளே இருமல் கேட்டது. போய்ப் பார்த்தபோது அவள் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் இளஞ்சிவப்பு நுரை. அந்த அறைக்குள் அப்போது இருபதுக்குக் குறையாத மருத்துவர்கள் இருந்தோம். அவளுக்கு என்ன நேர்கிறது என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. அதற்குச் சற்று முன்புதான் அதைச் சொல்லி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஆக்சிஜன் வைத்தோம், ஊசி போட்டோம், ஆம்புலன்ஸில் ஏற்றினோம். துறைமுக வாயிலில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சைரனுக்கு வழிவிட அவற்றுக்கு இடமில்லை. மதி அவளைத் தன் தோளில் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். அஜீசுன்னிசா முகமூடியை விலக்கிவிட்டு, "பாஸா?" என்று கேட்டாள். மதி தலையசைத்தாள். பிறகு அஜீசுன்னிசா என் பக்கம் திரும்பினாள். நான் அவளுடைய நாடியைப் பிடித்திருந்தேன்.

"பனி வெலகிச்சா சார்?"

விலகிவிட்டது அம்மா என்றேன். லாரி வரிசை நகரவில்லை. இரண்டு உயிர்கள் அங்கேயே போயின.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய சோற்றை சௌக்கத் அலி என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். "நீங்கதான் சார் அவ்ளோ நாளு அவளக் காப்பாத்தி வெச்சிருந்தீங்க. ஆஸ்பத்திரிக்காரன்தான் இடம் குடுக்கல" என்றார். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் அவர் மனம் புண்படும்.

அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. முதலில் எங்கள் குளிர்பதனப் பெட்டி. தட்டல், சொடுக்கு, உறுமல். என் மனைவி அதைக் கூடத்துக்கு மாற்றினாள். பிறகு தண்ணீர் மோட்டார். பிறகு தண்டையார்பேட்டைச் சரக்கு ரயில் தண்டவாள இணைப்பின்மேல் போகும்போது. ஒருநாள் சுவரில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். வரிசை மாறவில்லை, அளவு குறையவில்லை, அதே சுத்தம். மற்ற நோயாளிகளின் மார்பிலும் இப்போது எனக்கு அது ஒன்றுதான் கேட்கிறது. நல்ல இதயமா கெட்ட இதயமா என்று சொல்ல முடியாததால் கிளினிக்கை மூடிவிட்டேன். உங்கள் மின்விசிறி நின்று நெடுநேரமாகிறது, ஐயா. உங்களுக்குக் கேட்கிறதா? இல்லையா? இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து கேட்டுப் பாருங்கள்.

மதி பிறகு இதயப் பிரிவுக்குப் போய் விசாரித்திருக்கிறாள். நோயாளிக்கு விருப்பமில்லை என்று அவள் டாக்டரே சொன்னாரே என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவள் உங்களிடம் முறையிட்டது சரிதான். நான் பயிற்றுவித்த காது அது. இப்போது அவள் வியாசர்பாடியில் மூன்று பிள்ளைகளின் நெஞ்சில் அந்த ஒலியைக் கண்டுபிடித்து அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூவரும் பிழைத்தார்களாம். குட்டி மான்கள் பள்ளத்தில் விழவில்லை என்பதை நீங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

ஆக, கேட்டதற்கு நேராகவே விடை சொல்கிறேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்பது பொய். கிடைத்த இடத்தை மறுத்தவன் நான். மாத்திரையை நிறுத்தியவன் நான். மாடி ஏற்றியவன் நான். எல்லாம் தெரிந்தே செய்தேன். எங்கே தவறினேன் என்பதையும் பலமுறை யோசித்துவிட்டேன். கருவுற்ற பெண்ணை நான் பயன்படுத்தியிருக்கக் கூடாது. அந்தப் பிழை இனி நேராது.

அதனால்தான் உங்களிடம் ஒரு சிறு உதவி கேட்க நினைத்தேன். காலடிப்பேட்டையில் இன்னாசி என்று ஒருவர், படகு எந்திரம் பழுதுபார்ப்பவர். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர் கழுத்து நாடி துள்ளுவது எதிரில் நிற்பவருக்குத் தெரியும். அவ்வளவு நல்ல கேஸ். ஆண். வலுவான உடம்பு. வரும் மாதம் அவருக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை வைத்திருக்கிறார்கள். மூன்றாம் அணிக்குச் சித்திரையில் தேர்வு. இடம் இன்னும் கிடைக்கவில்லை என்று அவரிடம் நான் சொல்லிவிட்டேன். மருத்துவமனையில் இனி என் பேச்சை நம்ப மாட்டார்கள், உங்கள் பேச்சை நம்புவார்கள். அவருக்கு விருப்பமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.